இரும்பின் மேல் நான்கு பேர்

பஃபலோ,
1930 மார்ச் 9, ஞாயிறு

அன்பு வின்னிக்கு,

உன் படம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு நன்றி சொல்ல மூன்று வாரமா என்று நீ உதட்டைப் பிதுக்குவது இங்கிருந்தே தெரிகிறது. மேரனுக்குப் பல் முளைக்கிறதடி. ஏழு மாதக் குழந்தை ஒரு வீட்டுக் கடிகாரத்தையே தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடும் என்று கல்லூரியில் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லத்தீன் சொல்லித் தந்தார்கள். இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். பேனா முள் கீறுகிற சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறாள் என்பதால் பென்சிலில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஞானஸ்நானப் பரிசு என்று எழுதியிருந்தாய். வெள்ளிக் கரண்டியும் பின்னிய தொப்பியும் கொடுத்தவர்கள் நடுவே பாதி கட்டிய கட்டடத்தைக் கொடுத்தவள் நீ ஒருத்திதான். வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் டோப்பெல் படத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கட்டி முடிச்சப்புறம் வரைஞ்சிருக்கக் கூடாதா உன் சிநேகிதி? அவசரக்காரி போல" என்றாள். நான் அதைச் சமையலறைச் சன்னலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். காலையில் ஏரியிலிருந்து பனிப்புகை எழும்போது சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இருக்காது. வெறும் வெள்ளை. அந்த வெள்ளை அப்படியே உன் படத்துக்குள்ளும் நுழைந்து, கீழே தெருவை மறைத்துவிட்டு, எலும்புக்கூடு போன்ற இரும்பை மட்டும் மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறது. மேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கஞ்சி அடிப்பிடித்த பிறகுதான் நினைவு வரும்.

இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் படி.

உச்சியில் நான்கு பேர் வரைந்திருக்கிறாய். ஒருவன் உலையில் ஆணியைக் காய்ச்சி இடுக்கியால் வீசுகிறான். ஒருவன் தகர டப்பாவில் அதைப் பிடிக்கப்போகிறான். இன்னும் இருவர் அதைத் துளைக்குள் அடித்து இறுக்கக் காத்திருக்கிறார்கள். நடுவில், காற்றில், அந்தப் பழுத்த ஆணி ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது. அதைப் பிடிப்பவனைத்தான் கேட்கிறேன். டப்பா அவன் இடது கையில் இருக்கிறது. கழுத்தில் சுற்றிய துணியின் இரண்டு முனையும் முதுகுப் பக்கம் பறக்கின்றன. என் எய்னார் இடது கைக்காரர். அவருக்கு நான் பின்னிக் கொடுத்த கழுத்துத் துணியை அப்படித்தான் பின்னால் முடிச்சுப் போடுவார்.

ஆனால் எய்னார் அங்கே நியூயார்க்கில் கீழே தெருவில்தான் வேலை பார்க்கிறார். லாரியிலிருந்து இரும்பு இறக்குவது, சங்கிலி மாட்டுவது, மேலே தூக்கச் சொல்லிக் கை காட்டுவது. வாராவாரம் அதைத்தான் எழுதுகிறார். என் அண்ணன் ஹ்யூகோ விழுந்தது உனக்குத் தெரியும். அவனும் ஆணி பிடிப்பவன்தான். தள்ளி வந்த ஓர் ஆணிக்காக அரை அடி சாய்ந்தான், அவ்வளவுதான். மேரனின் ஞானஸ்நானத்தன்று, தேவாலய வாசலில், குழந்தையின் தலைக்கு மேலே கை நீட்டி, இனி மேலே ஏறமாட்டேன் என்று எய்னார் எனக்குச் சொன்னார். நீட்டியது இடது கை. போதகர்கூடப் புருவத்தைத் தூக்கினார்.

அந்த ஆள் யார், வின்னி? யாரோ ஒருவன் என்று ஒரு வரி எழுதிப்போடு. அது போதும்.

என்றும் உன்,
ஆல்மா


நியூயார்க்,
மார்ச் 14

என் ஆல்மாவுக்கு,

பென்சில் கடிதம் கிடைத்தது. நன்றி தாமதமானதை மன்னித்தேன். பயந்ததை மன்னிக்கவில்லை.

அடி அசடே, ஒரு வருஷம் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தவள் நீ. பாத்திரம் கழுவும் தொட்டியில் நான் அமிலத் தட்டை வைத்ததற்காக நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள். செப்புத் தகட்டின் சங்கதி உனக்கே மறந்துபோயிற்றா? மெழுகு பூசிய தகட்டில் நான் ஊசியால் கீறுவது ஒரு பக்கம் என்றால், ஈரத் தாளை அதன் மேல் வைத்து உருளைக்குள் விட்டு உரித்தெடுக்கும்போது அது மறுபக்கம் போய் உட்காரும். வலது இடதாகும், இடது வலதாகும். எனவே உன் படத்தில் இடது கையால் பிடிக்கிறவன் நிஜத்தில் வலது கையால் பிடிக்கிறவன். உன் ஆள் இல்லை. அலமாரிக் கண்ணாடியில் காட்டிப் பார், சரியாகிவிடும்.

கழுத்துத் துணியா? அந்தப் பிப்ரவரிக் காற்றில் அதைப் பின்னால் முடிச்சுப் போடாதவன் இந்த ஊரில் கிடையாது.

நான் வரைவது எங்கிருந்து தெரியுமா? எதிரே ஒரு ஹோட்டலின் மொட்டை மாடி. அங்கேதான் படுக்கை விரிப்புகளைக் காயப்போடுகிறார்கள். உறைந்துபோன விரிப்புகள் பலகை மாதிரி ஆடும். அவற்றுக்கு நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வேன். வாரத்துக்கு நான்கு மாடி வளர்கிறது அந்தக் கட்டடம். திங்களன்று நான் அண்ணாந்து பார்த்த ஆட்கள் வெள்ளிக்கிழமை மேகத்துக்குள் போய்விடுகிறார்கள். சத்தம் மட்டும் இறங்கி வரும். சலவைக்காரி ஃபிலோமினா, "அங்க ஆளே இல்ல, மேகந்தான் வேல பாக்குது" என்பாள்.

குழந்தைக்கு ஈறில் தேய்க்கக் குளிர்ந்த கரண்டி நல்லது என்கிறாள் அவள். அந்த வெள்ளிக் கரண்டிகளுக்கு ஒரு வேலை கிடைத்தது பார்.

இன்னொன்று. படத்தை ரொம்ப உற்றுப் பார்க்காதே. கண்ணுக்குக் கெடுதல்.

முத்தங்களுடன்,
வின்னி


பஃபலோ,
மார்ச் 19

அன்பு வின்னிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பாடு இறங்கியது. மேரன்கூட என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நீ சொன்னபடியே படத்தை எடுத்துப் போய் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். ஒரு கையில் படம், ஒரு கையில் மேரன். கண்ணாடிக்குள் இன்னொரு குழந்தையைக் கண்டதும் அவளுக்கு ஒரே குஷி, எட்டி எட்டி அடித்தாள். டப்பா வலது கைக்கு மாறியிருந்தது. கழுத்துத் துணி யாருடையதோ ஆகிவிட்டது. அப்பாடா என்று கட்டிலில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னொரு முறை பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

உன் படத்தின் ஓரத்தில், புகைக்குப் பின்னால், இரண்டு கோபுரம் வைத்த பாலமும் ஒரு துண்டு ஆறும் இருக்கின்றன. ஆற்றின் மேலே சூரியன் கிளம்புகிறது. படத்தில் அது இடது பக்கம். கண்ணாடியில் வலது பக்கம்.

நாம் குடியிருந்த அந்த அறையை நினைத்துப் பார், வின்னி. ஒரே சன்னல், உன் படத்தைப் போலவே தெற்கே பார்த்தது. நீ எழுந்திருக்கமாட்டாய். நான்தான் காபி போட்டு எடுத்துக்கொண்டு சன்னலில் நிற்பேன். ஆறு எனக்கு இடது பக்கம். சூரியன் இடது பக்கம். ஒரு வருஷம், தினமும், என் இடது கன்னத்தில்தான் வெயில் விழுந்தது. கண்ணாடிக்குள் சூரியன் மேற்கே உதிக்கிறது. உன் படத்தில் சரியான இடத்தில் உதிக்கிறது.

அப்படியானால் இந்தப் படம் திரும்பிய படம் இல்லை. எப்படியோ நேராக்கி அச்சடித்திருக்கிறாய். இடது கை இடது கைதான்.

நீ மறந்து சொன்னாயா, தெரிந்து சொன்னாயா? அதை மட்டும் கேட்கிறேன். மறந்திருந்தால் நாம் இருவரும் சேர்ந்து சிரிப்போம். எய்னாரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், அதை நம்புகிற மாதிரி நான் நடிக்க வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு எனக்கு அதற்குத் தெம்பில்லை.

ஆல்மா


நியூயார்க்,
மார்ச் 24

ஆல்மா,

தெரிந்துதான் சொன்னேன்.

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

படக்கடைக்காரர் போன வருஷமே சொல்லிவிட்டார், இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைத் திருப்பிப் போட்டால் வாங்கமாட்டார்கள், ஆறு எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும் என்று. அதனால் இந்தத் தகட்டை வேறு மாதிரி வரைந்தேன். கட்டடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரே விரிப்புக் கொடியில் ஒரு கண்ணாடியைத் தொங்கவிட்டு, அதில் தெரிவதைப் பார்த்துக் கீறினேன். கண்ணாடி ஒரு தடவை திருப்பும், உருளை இன்னொரு தடவை திருப்பும், தாளில் ஊர் நேராக வரும். பழைய வழிதான். பத்து நாள் அப்படி அந்த நால்வரைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவர் வலது கைக்காரர். உன் எய்னாரை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, உன் கல்யாணத்தில். அதுவும் அவர் கையைப் பார்க்கவில்லை, நீ அழுததைத்தான் பார்த்தேன். சத்தியமாகத் தெரியாமல்தான் அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன்.

உன் முதல் கடிதம் வந்ததும் மாடிக்கு ஓடினேன். கண்ணாடியில்லாமல் நேராகத் திரும்பி நின்று பார்த்தேன். இடது கை.

நண்பகல் சங்கு ஊதியதும் கேட்டில் போய் நின்றேன். நான்கு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஒன்றாகத்தான் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்கள். என்னைப் பார்த்ததும் க்னூட் என்ற பெரிய ஆள், "எங்களுக்கு முதுகக் காட்டிட்டு பத்து நாளா கண்ணாடி பாத்துத் தலை சீவுன அம்மா நீங்கதானா? ஒரு தலைக்கு இவ்ளோ நேரமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எய்னார் சிரிக்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பட்டாணி சூப்பை அப்படியே தள்ளிவைத்தார்.

ஜனவரியில் அவர்கள் குழுவில் ஆணி பிடிக்கும் ஆஸ்கருக்கு மணிக்கட்டு வெந்துபோயிற்றாம். உனக்குத் தெரியாததா, நான்கு பேர் சேர்ந்தால்தான் ஒரு குழு. மூன்று பேரை மேஸ்திரி மேலே விடமாட்டார், மூவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான்கு பேரும் ஒரே விடுதியில், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். "ரெண்டே வாரம்னுதான் ஏறினேன், வின்னி. ஆஸ்கர் ஊருக்கே போயிட்டான். நான் எறங்கினா இவங்க மூணு பேரும் எறங்கணும். க்னூட்டுக்கு நாலு பிள்ளைங்க" என்றார். கடைசியில், "ஆல்மாகிட்ட சொல்லாத. அவ தூங்கமாட்டா. நீ ஏதாவது சொல்லிச் சமாளி, படிச்சவதானே" என்றார்.

சமாளித்தேன். அவர் முகத்துக்கு முன்னால் என்னால் முடியாதென்று சொல்லத் தோன்றவில்லை. நீ தூங்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். அதுதான் என் நியாயம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மாடிக்குப் போகிறேன். தகடு எடுத்துக்கொண்டு போவதில்லை. பெட்டியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவர் விழமாட்டார் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். மூக்கைச் சிந்தக்கூடக் கண்ணை எடுப்பதில்லை. மேகம் வந்து மூடினால் எண்ணத் தொடங்குவேன். ஒருநாள் இருநூற்றுப் பத்துவரை எண்ணினேன். மேகம் விலகியபோது டப்பாவைத் தட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். ஃபிலோமினா என் தோளில் விரிப்பைப் போர்த்திவிட்டு, "காதலா?" என்றாள். ஆமாம் என்றேன். யார் மேல் என்று அவள் கேட்கவில்லை.

திட்டு, ஆல்மா. ஆனால் எழுது.

வின்னி


பஃபலோ,
மார்ச் 27

வின்னி,

ஹ்யூகோ விழுந்த நாளிலும் அவனை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எய்னார். இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனுஷனை அந்த இரும்பிலிருந்து இறக்கு. எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் எழுதினால் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறுவார். அவரை ஏற்றியவர்கள் மூன்று பேர், மறைத்தவள் நீ. இறக்குவதும் நீயே.

உன் எழுத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இனி ஒரு வரியும் எழுதாதே. ஆறுதலும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். உன் கையெழுத்தில் உறை வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

மேரனுக்கு இரண்டாவது பல்லும் வந்துவிட்டது. இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

ஆல்மா


பஃபலோ,
ஏப்ரல் 9, புதன்

அன்பு வின்னிக்கு,

சனிக்கிழமை உன் அட்டைக் குழல் வந்தது. மேலே முகவரியை ஃபிலோமினாவை விட்டு எழுத வைத்திருக்கிறாய் போலிருக்கிறது, கொழுக்கு மொழுக்கென்று யார் கையெழுத்தோ. உன் கையெழுத்தாக இருந்திருந்தால் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். உள்ளே கடிதம் இல்லை. நான்தான் எழுதாதே என்றேனே. தாள் மட்டும் இருந்தது. அதன் அடியில் பென்சிலில், தகட்டைத் திருத்தி மறுபடி அச்சடித்தால் உங்கள் தொழிலில் போடுகிற குறிப்பு: "இரண்டாம் நிலை. முதல் அச்சு. ஏப்ரல் 2. வி."

மேசைமேல் விரித்தேன். அதே இரும்பு, அதே புகை, இடது பக்கம் அதே சூரியன். உச்சியில் மூன்று பேர்.

ஒருவன் உலைக்கு முன்னால். இருவர் சுத்தியலோடு. நான்காவது இடத்தில் வெறும் உத்தரம். சுரண்டிய இடத்தில் ஒரு மங்கல், மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி. அந்தப் பழுத்த ஆணியை மட்டும் நீ எடுக்க மறந்துவிட்டாய், வின்னி. காற்றில் அப்படியே நின்றது. அதைப் பிடிக்க யாருமில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று உனக்கு எழுதத் தேவையில்லை. எழுதவும் வரவில்லை. ஏப்ரல் 2 என்று தேதி போட்டிருக்கிறாய், அவர் கடிதம் வர வேண்டிய வெள்ளிக்கிழமையும் வெறுமனே போயிருந்தது. உனக்கு நான் வாயைக் கட்டிவிட்டேன், அதனால் இப்படிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அழவில்லை. மேரனுக்கு ஆப்பிளை வேகவைத்து மசித்து ஊட்டினேன். மூலைக் கடையில் தொலைபேசி இருக்கிறது. கோட்டுப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். கேட்டால் பதில் வந்துவிடும். திரும்பி வந்து கோட்டோடு உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலை ஏரியில் பனிக்கட்டி உடைந்தது. தூரத்தில் யாரோ பீங்கானை அடுக்குகிற மாதிரி சத்தம். சன்னல் முழுக்க வெள்ளை. தேவாலயத்துக்குப் போகவில்லை. முதல் படத்தை எடுத்து இரண்டாவதற்குப் பக்கத்தில் வைத்தேன். எதற்கென்று கேட்காதே, அதில் அவர் இருந்தார், அதனால். இங்கே இருக்கிறார், அங்கே இல்லை. இங்கே இருக்கிறார், அங்கே இல்லை. கண் தானாக இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தது. விழுந்த வழியைத் தேடுகிறவள் மாதிரி ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கினேன். சாரம், கயிறு, பாரந்தூக்கியின் கை, புகை. இரண்டிலும் ஒரே மாதிரி. ஒவ்வொரு மாடியும் ஒரே மாதிரி. மேரன் என் மடியிலேயே தூங்கிப்போனாள். நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன் என்று நினைக்கிறேன், படிக்கட்டில் இறங்குகிற மாதிரிதான் இருந்தது, கால்கூட வலித்தது.

அடிமட்டத்தில், புகை தெருவைத் தொடும் இடத்தில், ஒரு லாரி. முதல் படத்தில் லாரி மட்டும். இரண்டாவதில் லாரிக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை மணியளவுக்கு ஏதோ. மை சிந்தியது என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. மிஸஸ் டோப்பெலின் வாசிப்புக் கண்ணாடியை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன்.

ஒரு மனிதன். சங்கிலியைப் பிடித்திருக்கிறான். மேலே தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தியிருக்கிறான். இடது கை. கழுத்துத் துணி பின்னால் முடிச்சு.

அப்போதுதான் அழுதேன். மிஸஸ் டோப்பெல் பயந்துபோய், "என்னாச்சு, என்னாச்சு?" என்றாள். "எறங்கிட்டார்" என்றேன். அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

நேற்று எய்னார் கடிதம் வந்தது. நீ என்ன செய்தாய் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை நண்பகலில் கேட்டில் நின்று, ஒன்றும் பேசாமல், என் கடிதத்தை அவரிடம் நீட்டினாயாம். ஹ்யூகோவைப் பற்றிய அந்த இரண்டு வரியை அவர் நின்றபடியே படித்தாராம். டப்பாவைக் க்னூட்டிடம் கொடுத்தாராம். "பொண்டாட்டி கடுதாசிக்கா எறங்குற?" என்று க்னூட் கேட்டதற்கு, "இல்ல, மச்சானுக்காக" என்றாராம். க்னூட்டும் ஹ்யூகோவோடு வேலை செய்தவன்தானே. மூன்று பேரும் இரண்டு நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது நியூஃபவுண்ட்லாந்துக்காரன் ஒருவன் கிடைத்திருக்கிறானாம், பாடிக்கொண்டே பிடிக்கிறானாம், அதுவும் சுதி சேராமல். எனக்கு எழுத வெட்கமாக இருந்ததால் அந்த வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டாராம். அந்த ஒரு வெள்ளிக்கிழமை என்ன செய்தது என்று அவர் நேரில் வரும்போது சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கீழ ரொம்பச் சத்தம், ஆல்மா. மேல இருக்கும்போது தெரியல." அவரிடமிருந்து எதை வாங்கிக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

உன்னையும் நினைத்தேன். ஒருத்தி தான் பத்து நாள் கீறிய ஆளைத் தன் கையாலேயே சுரண்டி எடுப்பது எப்படியிருக்கும் என்று. கடைக்காரர் எத்தனை பிரதி கேட்டிருந்தாரோ. எனக்குப் பொய் சொன்னதை நான் மறக்கமாட்டேன், வின்னி, அதை எதிர்பார்க்காதே. ஆனால் நான் பேசாதே என்றதும் உனக்குத் தெரிந்த ஒரே வேறு பாஷையில் வந்து சொன்னாயே, அதையும் மறக்க முடியவில்லை. அது பாதி உயிரை எடுத்துவிட்டது என்பது வேறு. அடுத்த தடவை நல்ல செய்தி என்றால் ஆளை அழித்து அனுப்பாதே. ஒரு வரி எழுதிப்போடு. பிரிப்பேன்.

ஈஸ்டருக்கு எய்னார் வருகிறார். நீயும் அதே ரயிலில் வா. மேரனுக்கு நான்கு பல்லாகிவிடும் அதற்குள், கடிப்பாள், சொல்லிவைக்கிறேன். அமிலத் தட்டை மட்டும் கொண்டுவராதே.

இரண்டாவது படம் சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தகட்டில் அந்த மங்கலை இனிமேல் சுரண்டாதே, அப்படியே இருக்கட்டும். ஹ்யூகோவுக்கும் ஓரிடம் வேண்டுமே.

முதல் படத்தை இந்தக் கடிதத்தோடு உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். வேண்டாம் என்று அல்ல. அதில் அவர் இன்னும் மேலே நிற்கிறார், ஆணி இன்னும் காற்றில் இருக்கிறது. என்னால் அதைப் பார்க்க முடியாது. நீ உன் மேசைக்கு எதிரே மாட்டிவைத்துக்கொள். தினமும் காலையில் ஒருமுறை பார்.

நீ பார்த்துக்கொண்டிருக்கும்வரை விழமாட்டார் என்றாயே.

உன்,
ஆல்மா